தாரையும் தேக்கமும்: கெடா மண்ணில் நின்று நோக்கும் ஒரு கணினி வரலாறு

நிரல் எழுதக் கற்கும் மாணவர் சில மாதங்களுக்குள் ‘இடையகம்’ என்னும் சொல்லை எதிர்கொள்கின்றனர். பஃபர் என்று வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நாம் கொண்டுள்ள தமிழ் அது. வேகத்தால் வேறுபட்ட இரண்டு பொறிகளுக்கு இடையே தரவு சிறிது நேரம் தங்கிச் செல்லும் நினைவகப் பகுதியே இடையகம் என்று பாடநூல்கள் வரையறுக்கின்றன. வரையறை சரியானது. ஆயினும் இத்தகைய தங்கல் ஏன் வேண்டப்பட்டது, எவ்வாறு வளர்ந்தது, தமிழில் எழுதுவோர்க்கு அதில் என்ன பங்கு உண்டு என்னும் வினாக்களுக்கு அவ்வரையறையில் விடையில்லை. இம்மூன்று வினாக்களையும் இவ்வுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

பொருளோ தொழில்நுட்பம் சார்ந்தது. நாம் நின்று பேசும் இடமோ கெடா. தோட்டங்களும் சிறு நகரங்களும் நிறைந்த இம்மாநிலத்துக்கும் கணினியின் நினைவகத்துக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழலாம். ஓரிடத்திலிருந்து வருவதைத் தேக்கி, முழுமைப்படுத்தி, மற்றோரிடத்துக்கு அனுப்பும் பணியை இம்மண் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வந்துள்ளது. ஆதலால், இடையகத்தின் இயல்பை விளக்குவதற்கு இதனினும் பொருத்தமான இடம் நமக்கு வேண்டுவதில்லை.

இரு காற்றுகளுக்கு இடையே

பழந்தமிழ் இலக்கியம் ‘காழகம்’ என்றும், சோழர் கல்வெட்டுகள் ‘கடாரம்’ என்றும் குறிக்கும் நாட்டை இன்றைய கெடாவாக அறிஞர் கொள்வர். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் பெயருக்குக் கடாரம் என்று பொருள் எழுதியவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் நடத்திய கடற்படையெடுப்பின்பின் ‘கடாரம் கொண்டான்’ என்னும் விருதுப்பெயர் பெற்றமை நாம் அறிந்ததே. மெர்போக் ஆற்றை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிச் வேல்ஸ் 1936, 1937ஆம் ஆண்டுகளில் அகழ்ந்து கண்ட கட்டட எச்சங்கள் இப்பழமைக்குச் சான்று பகர்கின்றன.

இத்துறைமுகம் ஏன் செழித்தது? பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பி ஓடியவை. தென்மேற்குப் பருவக்காற்று கப்பல்களை இந்தியாவிலிருந்து கிழக்கு நோக்கிக் கொணர்ந்தது. வடகிழக்குப் பருவக்காற்று சீனத்திலிருந்து வருவோரைத் தெற்கே செலுத்தியது. இந்தியா செல்வோரை மேற்கே திருப்பியது. ஒரு காற்றில் வந்த சரக்கும் மறு காற்றில் செல்ல வேண்டிய சரக்கும் ஒரே நாளில் சந்திப்பதில்லை. எனவே அவை இடைத்துறைகளில் தங்கின, மாந்தரும் தங்கினர். 7ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து நாலந்தா நோக்கிப் புறப்பட்ட துறவி இத்சிங், வழியில் கெடாவில் தங்கியே பயணத்தைத் தொடர்ந்தார்.

இதிலிருந்து நாம் பெறும் முதல் உண்மை ஒன்றுண்டு. தருபவரின் காலமும் பெறுபவரின் காலமும் ஒத்துவராதபோது, இடையில் ஒரு தேக்கம் கட்டாயமாகிறது. அத்தேக்கம் இல்லையேல், விரைந்து வருவது மெதுவாகப் பெறுவதற்காகக் கடலிலேயே காத்துக் கிடக்க வேண்டியதாகும்.

மங்கும் வாளியும் செக்ரோலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெடாவின் தென்பகுதி இரப்பர் நிலமாயிற்று. 1909ஆம் ஆண்டின் ஆங்கில–சயாம் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் ஆளுகையின்கீழ் வந்தது. கூலிம், கோலமூடா, பாலிங் முதலிய மாவட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடியேறிய தோட்டங்கள் பெருகின. அங்கே நாள்தோறும் நிகழ்ந்த பால் சேகரிப்பு, இடையகத்தின் இயக்கத்தைப் படிப்படியாகக் காட்டவல்லது.

விடியுமுன் மரம் சீவப்படும். அந்நேரத்தில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருத்தலால் பால் நன்கு வடியும். சீவிய கோட்டின் வழியே பால் சொட்டுச் சொட்டாக இறங்கி மங்கில் விழும். ஒவ்வொரு சொட்டையும் எடுத்துக்கொண்டு பால் கொட்டகைக்கு ஓடுவார் எவருமிலர். மங்கில் சேர்ந்தது வாளிக்கு மாறும். நிரை முழுவதும் முடிந்தபின் வாளி கொட்டகைக்குச் செல்லும். அங்கே நிறுக்கப்பட்டுப் பெருந்தொட்டியில் ஊற்றப்படும். சொட்டு, மங்கு, வாளி, தொட்டி என ஒவ்வொரு படியிலும் சிறியவை பல சேர்ந்து பெரியது ஒன்றாகின்றன. நடக்கும் தொலைவு மாறவில்லை. நடக்க வேண்டிய தடவைகளே குறைந்தன.

தேக்கத்துக்கு இரண்டு இடர்களும் உண்டு. மங்கில் இருக்கும்போதே மழை பெய்தால் பால் வழிந்தோடிவிடும். அன்றைய உழைப்பும் அதனுடன் போகும். நேரம் கடந்தாலோ பால் மங்கிலேயே உறைந்து கட்டிப்பாலாகும். அதன் விலை குறைவு. சேர்ப்பது எத்துணைத் தேவையோ, உரிய வேளையில் ஒப்படைப்பதும் அத்துணைத் தேவை.

தோட்டத்தில் மற்றொரு வகைத் தேக்கமும் இருந்தது. அது செக்ரோல். ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தோர் பெயருக்கு நேரே கிராணி ஒரு குறி இடுவார். அக்குறிகள் நாள்தோறும் வெளியே செல்வதில்லை. மாதம் முடியும்வரை ஏட்டிலேயே சேர்ந்து, பின்னர் ஒருங்கே கூட்டப்பட்டுச் சம்பளமாகும். மங்கு நிறைந்ததும் காலியாகும். செக்ரோலோ கேட்கும் வரை அனைத்தையும் தன்னகத்தே வைத்திருக்கும். இவ்விரு வகைகளையும் நினைவில் இருத்துவோம். கணினியிலும் இவ்விரண்டும் உண்டு.

பைட்டும் தாரையும்

இனிக் கணினிக்கு வருவோம். 1951ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு வழங்கப்பட்ட யூனிவாக் கணினி, தரவைக் காந்த நாடாவிலிருந்து படித்தது. நாடா சுழலும் வேகமும் கணக்கிடும் வேகமும் பெரிதும் வேறுபட்டவை. எனவே 60 சொற்கள் கொள்ளும் இடைத்தாங்கிகள் அமைக்கப்பட்டன. நாடா தாங்கியை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே கணினி தன் கணக்கைத் தொடர முடிந்தது.

‘பைட்டு’ என்னும் சொல்லை 1956இல் ஐபிஎம் நிறுவனத்தின் வெர்னர் புக்கோல்ட்ஸ் உருவாக்கினார். 1964இல் வெளிவந்த சிஸ்டம்/360 கணினிக் குடும்பம், ஒரு பைட்டு எட்டு பிட்டு என்னும் அளவை நிலைநாட்டியது. எட்டு பிட்டுகளால் 256 வேறுபாடுகளைக் காட்டலாம். ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் அது தாராளமாகப் போதும். ஓர் எழுத்து ஒரு பைட்டு என்னும் பழக்கம் இங்கே வேரூன்றியது. இப்பழக்கத்தின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் ஓர் எளிய கருத்தை முன்வைத்தது. கோப்பு, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகிய யாவும் பைட்டுகளின் வரிசையே என்பது அக்கருத்து. ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும் இவ்வரிசையைத் தாரை என்கிறோம். நிரலுக்குள் வருவது உள்ளீட்டுத் தாரை. நிரலிலிருந்து வெளியேறுவது வெளியீட்டுத் தாரை. ஒரு பைட்டை வெளியே அனுப்ப ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தை அழைத்தால், அழைப்புக்கே பெரும்பொழுது செலவாகும். ஆதலால் 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் சி மொழி நூலகம், பைட்டுகளை முதலில் நினைவகத்தில் சேர்த்துப் பின்னர் மொத்தமாக அனுப்பும் ஏற்பாட்டைத் தன்னுள் கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் கொட்டகைக்கு நடப்பதில்லை என்னும் தோட்டத்து அறிவே இது.

நினைவகமும் அக்காலத்தில் அரிய பொருள். இன்டெல் நிறுவனம் 1970இல் வெளியிட்ட 1103 என்னும் நினைவகச் சில்லு 1024 பிட்டுகள், அதாவது 128 பைட்டுகள் மட்டுமே கொண்டது. அந்நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் அமைத்த இடம், கெடாவுக்கு அண்டை மாநிலமான பினாங்கு. 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இரப்பர் மரங்களால் அறியப்பட்ட மாவட்டத்தில் சிலிக்கான் தகடுகளில் சுற்றுகளைப் பொறிக்கும் ஆலைகள் எழுந்தன. பாலைத் தேக்கும் தொழிலால் வாழ்ந்த ஊர்களின் அருகே மின்னணுத் தொழில் வந்தமர்ந்தது. ஆயின், அம்மின்னணுப் பொறிகளுக்குள் தமிழ் எவ்வாறு தங்குகிறது என்பதை நாம் கற்றுக்கொண்டோமா என்பதே நம் வினா.

முப்பத்திரண்டு பைட்டில் தொடங்கும் அணி

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் தலைமையில் உருவான ஜாவா மொழியின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. மேலே கண்ட இருவகைத் தேக்கங்களும் அம்மொழியில் அன்றே இடம்பெற்றன.

முதலாவது மங்கை ஒத்தது. ‘பஃபர்டு அவுட்புட் ஸ்ட்ரீம்’ என்பது அதன் பெயர். பொதுவாக 8192 பைட்டுகள் கொள்ளும். நிறைந்ததும், தன்னிடம் உள்ளதைக் கோப்புக்கோ வலையிணைப்புக்கோ தள்ளிவிட்டு மீண்டும் காலியாகும். நிறையுமுன் நிரல் இடையில் நின்றுவிட்டால், தள்ளப்படாத பைட்டுகள் இழக்கப்படும். மங்கில் மழை பெய்ததற்கு ஒப்பானது அவ்விழப்பு. அதனைத் தவிர்க்கவே, ‘ஃபிளஷ்’ என்னும் கட்டளையால் உரிய இடத்தில் நாமே காலிசெய்கிறோம். பணி முடிந்ததும் தாரையை மூடுகிறோம்.

இரண்டாவது செக்ரோலை ஒத்தது. ‘பைட் அரே அவுட்புட் ஸ்ட்ரீம்’ எனப்படும் இதனைப் பைட்டு அணி வெளியீட்டுத் தாரை என்று நாம் தமிழில் கூறலாம். எழுதப்படும் பைட்டுகளை இது எங்கும் அனுப்புவதில்லை. நினைவகத்தில் ஓர் அணியாக வைத்துக்கொண்டே இருக்கும். நாம் கேட்கும்போது முழு அணியின் படியைத் தரும். அளவைக் கேட்டால் எத்தனை பைட்டு என்று சொல்லும். ‘ரீசெட்’ என்றால் ஏட்டின் புதுப் பக்கத்தைப் போல முதலிலிருந்து தொடங்கும். இதனிடம் ‘ஃபிளஷ்’ என்றாலும் ‘மூடு’ என்றாலும் எவ்விளைவும் இல்லை. ஒப்படைக்க வேண்டிய வெளியிடம் இதற்கு இல்லை.

இதன் பயன் யாது? அனுப்புமுன் மொத்த அளவை அறிய வேண்டிய இடங்கள் பல உண்டு. வலைச் சேவையகம் ஒன்று, தான் அனுப்பவிருக்கும் உள்ளடக்கத்தின் நீளத்தைத் தலைப்பிலேயே அறிவிக்க விரும்பினால், உள்ளடக்கம் முழுவதையும் முதலில் சேர்த்தாக வேண்டும். பாதியில் பிழை நேர்ந்தால், அரைகுறையாக எதுவும் வெளியே போகாமல் சேர்த்ததை அப்படியே கைவிடலாம். ஒரே உள்ளடக்கத்தைப் பல இடங்களுக்கு அனுப்பலாம்.

இவ்வணி தொடக்கத்தில் 32 பைட்டுகள் கொள்ளும். அது நிறைந்தால் என்ன ஆகும்? புதிதாக 64 பைட்டு அணி ஒன்று எடுக்கப்பட்டு, பழையவை அதில் படியெடுக்கப்படும். அதுவும் நிறைந்தால் 128, அதன்பின் 256. இவ்வாறு இரட்டித்துச் செல்வதில் ஒரு நுட்பம் உள்ளது. 10,48,576 பைட்டுகளை எட்டுவதற்கு 15 இரட்டிப்புகளே போதும். அப்பதினைந்திலும் படியெடுக்கப்படும் பைட்டுகளின் கூட்டுத்தொகை, இறுதி அளவை விடச் சற்றுக் குறைவே. இரட்டிக்காமல் ஒவ்வொரு முறையும் 32 பைட்டு மட்டும் கூட்டியிருந்தால், 32,767 முறை படியெடுக்க நேர்ந்திருக்கும். படியெடுத்த பைட்டுகள் 1,700 கோடியைத் தாண்டியிருக்கும். பெருக்கத்தின் முறை ஒன்று மாறுவதால் விளையும் வேறுபாடு இது. கணித ஆசிரியர்கள் பெருக்குத் தொடரைக் கற்பிக்கும்போது எடுத்தாளத்தக்க உதாரணம் என்று இதனைக் கருதுகிறோம்.

எல்லையும் உண்டு. ஜாவா அணி ஒன்று ஏறத்தாழ 214 கோடி பைட்டுகளுக்கு மேல் கொள்ளாது. அதற்கு நெடுமுன்பே நினைவகம் தீர்ந்துவிடுதலும் உண்டு. ஆதலால் பேரளவுத் தரவுக்கு மங்கு முறையும், அளவறிந்த சிறு தரவுக்குச் செக்ரோல் முறையும் பொருந்தும்.

தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்டு

இதுவரை கூறியது எம்மொழிக்கும் பொது. தமிழுக்குரிய பகுதி இனித் தொடங்குகிறது.

கணினியில் தமிழ் நுழைந்த தொடக்கக் காலத்தில், 256 இடங்களுக்குள்ளேயே தமிழ் வடிவங்களை அடுக்கினர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். பல நாடுகளிலும் பலர் தத்தம் எழுத்துருக்களைப் படைத்தனர். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் அடுக்குமுறையைக் கொண்டிருந்ததால், ஒன்றில் எழுதியது மற்றொன்றில் படிக்க இயலாதாயிற்று. இந்நிலையைப் போக்க 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடி ஆராய்ந்தன. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. காலப்போக்கில் அதுவே பொதுமுறையாயிற்று.

ஒருங்குறி ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. அவ்வெண்ணைப் பைட்டுகளாக எழுதும் முறை வேறு. இன்று உலகெங்கும் பெருவழக்காக உள்ள யூடிஎஃப்-8 என்னும் முறையை 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தனர். அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. ஜாவி எழுத்துக்கு இரண்டு. சீன எழுத்துகளுள் பெரும்பாலானவற்றுக்கு மூன்று. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. எடுத்துக்காட்டாக, ‘க’ என்பது 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகள். ‘கி’ என்பதோ ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். ஆகவே ஆறு பைட்டுகள்.

ஒரு பைட்டைத் தனியே எடுத்தால் அது எழுத்தாகாது. 224 என்பது வரவிருக்கும் மூன்றன் முதற்பகுதி என்று மட்டுமே சொல்லும். மற்ற இரண்டும் வந்து சேர்ந்த பின்னரே ஓர் எழுத்துப் பிறக்கிறது.

கடாரம் கொண்டான் என்னும் சோதனை

‘கடாரம் கொண்டான்’ என்னும் விருதுப்பெயரையே சோதனைக்கு எடுத்துக்கொள்வோம். ‘கடாரம்’ என்பதில் க, ட, ஆகாரக் குறி, ர, ம, புள்ளி என ஆறு குறிகள்; 18 பைட்டுகள். இடைவெளி ஒரு பைட்டு. ‘கொண்டான்’ என்பதில் க, ஒகரக் குறி, ண, புள்ளி, ட, ஆகாரக் குறி, ன, புள்ளி என எட்டுக் குறிகள்; 24 பைட்டுகள். ஆக மொத்தம் 43. மேலே கூறிய 1103 சில்லின் 128 பைட்டுகளில் இப்பெயரை இருமுறை எழுதலாம். மூன்றாம் முறை எழுதினால், கடைசி ஒரு பைட்டுக்கு இடமிராது.

இப்போது ஒரு நிரல், தாரையிலிருந்து 32 பைட்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் அப்போதைக்கப்போதே எழுத்தாக மாற்றுகிறது என்க. முதல் 18 பைட்டில் ‘கடாரம்’ முடிந்தது. 19ஆம் பைட்டு இடைவெளி. எஞ்சிய 13இல் 12 பைட்டுகள் ‘கொண்’ என்பதற்குச் செலவாயின. 32ஆம் பைட்டு டகரத்தின் முதற்பகுதியாகிய 224. டகரத்தின் மற்ற இரண்டு பைட்டுகளாகிய 174, 159 அடுத்த துண்டின் தொடக்கத்தில் உள்ளன. முதல் துண்டை மாற்றும்போது, நிரல் டகரத்தைக் காணாது. அங்கே பிழைக்குறி இடும். அடுத்த துண்டில், தலையிழந்த இரு பைட்டுகளுக்கும் பிழைக்குறியே கிட்டும். அதன்பின் சார்வதற்கு மெய்யில்லாத ஆகாரக் குறி தனித்து நிற்கும். டகரம் மறைந்தது, சோழன் பெயர் சிதைந்தது.

இதற்குத் தீர்வு எளிது. துண்டு துண்டாக வரும் பைட்டுகளை மாற்றாமல், பைட்டு அணி வெளியீட்டுத் தாரையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். 33ஆம் பைட்டு வந்ததும் அணி 64ஆக விரியும்; 43 பைட்டுகளும் முறை மாறாது அமையும். அனைத்தும் வந்து சேர்ந்த பின்னர், ஒரேயொரு முறை, யூடிஎஃப்-8 என்று பெயர் சொல்லி எழுத்தாக மாற்ற வேண்டும். டகரம் எங்கே வெட்டுண்டது என்பது அப்போது ஒரு பொருட்டன்று. தரவு பேரளவினதாயின், மிச்சமுள்ள பைட்டுகளை அடுத்த துண்டுக்காக வைத்திருக்கும் எழுத்துப் படிப்பான்களைப் பயன்படுத்தலாம். அவையும் செய்வது, முழுமை பெறாததைத் தேக்கி வைத்தலே.

‘பெயர் சொல்லி’ என்று நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. எம்முறையில் மாற்றுவது என்று கூறாவிடில், பழைய ஜாவா பதிப்புகள் அந்தந்தக் கணினியின் இயல்பு முறையைக் கையாண்டன. மேனாட்டு எழுத்துகளுக்கென அமைந்த விண்டோஸ் கணினியில், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடும். 224 என்பது தலையில் சாய்கோடு தாங்கிய இலத்தீன் எழுத்தாகவும், 174 என்பது வட்டத்துக்குள் அடைபட்ட ஆங்கில எழுத்தாகவும் தோன்றும். தமிழ் மடலைத் திறந்து அத்தகைய குறிகளின் அணிவகுப்பைக் கண்டோர் நம்மிடையே பலர். 2022இல் வெளிவந்த ஜாவா 18ஆம் பதிப்பு, எல்லாக் கணினிகளிலும் யூடிஎஃப்-8ஐயே இயல்பு முறையாக்கியது. மொழி தோன்றிய 26 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த மாற்றம் அது. பழைய பதிப்புகளில் இயங்கும் நிரல்கள் இருக்கும்வரை, முறையின் பெயரைக் கூறி எழுதுவதே பாதுகாப்பு.

வகுப்பறைக்கு உரியது

மேற்கண்ட பிழையில் நாம் கவனிக்க வேண்டிய இயல்பு ஒன்றுண்டு. அப்பிழை ஆங்கிலத்தில் தோன்றவே தோன்றாது. ஓர் எழுத்து ஒரு பைட்டாக இருக்கும் மொழியில், எந்த இடத்தில் வெட்டினாலும் எழுத்து உடைவதில்லை. இலத்தீன் எழுத்தில் எழுதும் மலாயிலும் அவ்வாறே. ஆங்கில உதாரணங்களை மட்டும் கொண்டு நிரலைச் சோதிப்பவர், அது பழுதற்றது என்றே நம்புவார். அந்நிரல் ஒரு நாள் தமிழ்ப் பெயர்களைக் கையாள நேரும்போது, ஆயிரம் பெயரில் பத்துப் பதினைந்தில் மட்டும் ஓரெழுத்துச் சிதையும். வெட்டு எங்கே விழுகிறதோ அங்கே மட்டும் பழுது தோன்றுமாதலால், காரணத்தைக் கண்டுபிடித்தலும் அரிது. ‘தமிழ் எழுத்துருவில்தான் ஏதோ கோளாறு’ என்று முடிவுகட்டி, பெயரை ஆங்கிலத்தில் எழுதுமாறு கூறிவிடுவது எளிய வழியாகிவிடும். கோளாறு எழுத்துருவில் இல்லை. முழுமை பெறுமுன் மாற்றிய நிரலிலேயே அது உள்ளது.

தமிழைப் பிழையின்றிக் கொண்டுசெல்லும் நிரலை எழுத, மொழிப்பற்று மட்டும் போதாது. பைட்டின் எல்லையும் எழுத்தின் எல்லையும் வேறு வேறு என்னும் அறிவு வேண்டும். அவ்வறிவைத் தமிழ் மாணவரே முதலில் பெறக்கூடியவர். அவர் பெயரிலேயே சோதனைக்குரிய தரவு அமைந்துள்ளது. சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ பயிலும் மாணவர் ஒருவர், தம் பெயரின் பைட்டுகளைத் தாளில் எண்ணி எழுதி, 32ஆம் இடத்தில் கோடு கிழித்துப் பார்க்கட்டும். பெயர் சிறியதாயின் தந்தை பெயரையும் பள்ளியின் பெயரையும் சேர்த்துக்கொள்ளட்டும். கோடு எழுத்தின் நடுவே விழுகிறதா என்று காண ஒரு பாடவேளை போதும். தமிழாசிரியர் உயிர்மெய் பிரிப்பதைக் கற்பிக்கும் வேளையில், கணினி ஆசிரியர் அதே பிரிப்பைப் பைட்டில் காட்டலாம். ‘கொ’ என்பதைக் ககர மெய்யும் ஒகர உயிரும் எனப் பிரிக்கும் இலக்கண மாணவருக்கு, கணினி அதனைக் ககரமும் ஒகரக் குறியும் எனப் பிரிப்பது புதுமையாகத் தோன்றாது. இலக்கணம் மெய்யை அடியாகக் கொள்கிறது. ஒருங்குறி அகரமேறிய மெய்யை அடியாகக் கொள்கிறது என்னும் ஒரு வேறுபாட்டை மட்டும் விளக்கினால் போதும்.

கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். தருவோரும் பெறுவோரும் ஒரே வேகத்தினர் அல்லர். ஆதலால் இடையே தேக்கம் வேண்டும். தேக்கியதை உரிய வேளையில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மழையில் மங்கு வழிந்தது போல இழப்பு நேரும். ஒப்படைக்குமுன், சேர்ந்தது முழுமையா என்று அறிய வேண்டும். பாதி எழுத்தை எழுத்தென்று அனுப்புதல் கூடாது. இம்மூன்றையும் அறிந்து எழுதப்படும் நிரலில் தமிழ் சிதைவதில்லை. கெடாவின் தோட்டப்புறத்துப் பள்ளிகளில் பயின்று நிரலாளராகப் போகும் நம் மாணவர், தாம் எழுதும் முதல் வெளியீட்டுத் தாரையிலேயே தமிழை இட்டுச் சோதிக்கும் பழக்கம் கொள்வாராக.